சாணி அள்ளாமல் குதிரையேற்றம் இல்லை



சனிக்கிழமைகளில் நாங்கள் போடும் குதிரைப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறீர்கள். "எங்கட பிள்ளையையும் சேர்க்கலாமா?", "மாதம் எவ்வளவு?", "எத்தனை நாளில ஓட்டப் பழகலாம்?" என்று. இன்னும் சிலர், "படத்தில எல்லாப் பிள்ளையும் சவலும் வாளியுமாத்தானே நிக்குது, எப்ப குதிரையில ஏறும்?" என்று கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால், நுவரெலியாப் பக்கம் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்களும் தரம் 6 முதல் 9 வரையான பத்துப் பிள்ளைகளும். பண்ணை என்றால், கரட்டும் லீக்ஸும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை லாயம், வேலி அடித்த ஒரு வட்ட மைதானம், ஒரு புல்வெளி. மொத்தம் ஐந்து உருப்படிகள். ராணியும் சுல்தானும் ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய பெரிய குதிரைகள். மிட்டாய், கறுப்பன், பொன்னி மூன்றும் மட்டக் குதிரைகள்.

நுவரெலியாவில் குதிரை இருப்பது புதினம் இல்லை. இங்குள்ள பந்தயத் திடல் 1875ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஏப்ரல் சீசன் வந்தால் தொப்பி போட்ட கூட்டமும் குதிரையும்தான் ஊர். பந்தயம் பார்க்க வருகிறவர்கள் ஒன்றை மட்டும் யோசிப்பதில்லை. பந்தயக் குதிரையின் ஓட்டக்காலம் சில வருடங்கள்தான். ஆயுளோ இருபத்தைந்து, முப்பது வருடம் வரை போகும். மிச்சக் காலம் அது எங்கே இருக்கும், யார் புல் போடுவார் என்பது யாருடைய கவலையும் இல்லை. அப்படி மிச்சக் காலத்துக்கு வந்து சேர்ந்தவைதான் ராணியும் சுல்தானும்.

பண்ணையின் சொந்தக்காரரை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஆட்கள் வரவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோலும் இல்லை, தீவனமும் இல்லை. மூன்று அடி. இருந்த வேலையாட்களில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அந்த நேரத்தில்தான் ஹாஜியார் எங்களிடம் ஒரு பேச்சுப் பேசினார்: "பிள்ளைகள் காலையில வந்து லாய வேலைக்கு உதவட்டும். நான் காசு வாங்காம ஓட்டப் பழக்கித் தாறன்." பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்கினோம். இன்றுவரை அதே ஒப்பந்தம்தான். ஆகவே "மாதம் எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில்: காசு இல்லை, கை வேண்டும்.

மிஞ்சிய அந்த ஒருவரைப் பிள்ளைகள் "மாஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். அது நாங்கள் போட்ட சட்டம். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தகப்பனும் குதிரைக்காரர். முதல் நாள் நாங்கள் போனபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் பொறந்தது லயம் சேர், வேலை செய்யிறது லாயம். ஒரு கால்தான் வித்தியாசம்." தமிழ் படிப்பிக்கும் எங்களுக்கே ஒரு நிமிடம் எடுத்தது, அவர் துணைக்காலைச் சொல்கிறார் என்று பிடிபட. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி எங்கள் பாடத்தில் எங்களுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் மாணவர் எல்லோரும் ஏ எடுப்பார்கள்.

இனி, ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறோம்.

காலை ஆறரைக்கு லாயத்தில் நிற்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைகள் வாயால் புகை விட்டு விளையாடுவார்கள். குதிரைகளும் மூக்கால் புகை விடும். போனவுடன் யாரும் குதிரையைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடம் அறை வாசலில் நின்று பார்க்க வேண்டும். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நான்கு காலிலும் பாரம் சமமாக இருக்கிறதா, இரவு போட்ட புல் மிச்சமா, வாளியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, சாணி எத்தனை இடத்தில் கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது. "குதிர வாயத் தொறந்து சொல்லாது. அறைதான் சொல்லும்" என்பார் மாஸ்டர்.

பிறகு சுத்தம். தோட்டத்தில் தேயிலைக்கு முள்ளுக் குத்துகிற அதே முள்ளுத்தான் இங்கேயும் ஆயுதம். நனைந்த மரத்தூளையும் சாணியையும் முள்ளால் கிளறி எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, லாயத்துக்குப் பின்னாலுள்ள குவியலில் கொட்ட வேண்டும். பெரிய குதிரை ஒன்று ஒரு நாளைக்கு இருபது கிலோ அளவில் சாணி போடும். ஐந்து உருப்படிகள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரை ஒரு நாளில் முப்பது லீற்றர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேல். நோன்பு மாதத்தில் எங்கள் பாடசாலைக்கு விடுமுறை என்றாலும் சனிக்கிழமை வேலைக்கு விடுமுறை இல்லை. நோன்பு பிடித்த ஒரு தரம் 8 மாணவன் இரண்டு கையிலும் வாளி தூக்கி வந்து சுல்தானுக்கு முன்னால் வைத்துவிட்டு, அது உறிஞ்சிக் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். தொண்டையில் தண்ணீர் இறங்குவது வெளியில் தெரியும். "சேர், இது குடிக்கிறதைப் பார்க்க எனக்குத் தாகம் தீருது" என்றான். நோன்பின் சிறப்பைப் பற்றி நாங்கள் வகுப்பில் எழுதிப் போட்ட எந்தக் குறிப்பிலும் அந்த வசனம் இல்லை.

பிறகு தீனி. குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. மாட்டைப்போல அசைபோடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட பிராணி. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் காய்ந்த புல் வேண்டும். 450 கிலோ குதிரைக்கு ஒன்பது கிலோ. தவிடும் ஊற வைத்த கொள்ளும் அதற்கு மேல் கொஞ்சம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சந்தைக்குப் போகாத கோணல் கரட்டைத் தருவார்கள். அதை வட்டமாக வெட்டக் கூடாது, நீளமாகக் கீற வேண்டும். வட்டத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மிக முக்கியமான இன்னொன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது முன்னால்தான் போக வேண்டும், திரும்பி வர வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு உடம்பு தேய்ப்பது, குளம்பு பார்ப்பது. சேணம் உட்காரும் இடத்தில் ஒரு மணல் பருக்கை இருந்தாலும் அரைமணி நேரத்தில் புண்ணாகிவிடும். குளம்பின் அடியில் முக்கோணமாக, இறப்பர்போல ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி அடைந்த சேற்றைக் கொக்கியால் எடுக்க வேண்டும். மழை நாட்களில் அங்கே அழுகல் வாடை வரும். வாடை வந்தால் உடனே சொல்ல வேண்டும். குளம்பு நம் நகம்போல வளர்வது. ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை வெட்டி லாடம் மாற்ற ஆள் வருவார்.

இவ்வளவும் முடியும்போது ஒன்பது மணியாகிவிடும். அதன் பிறகுதான் சவாரிப் பாடம். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம்.

ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. பெண் பிள்ளைகள் ஹெல்மெட்டுக்கு உள்ளே ஊசி குத்தாத மெல்லிய தலையுறை போட்டு வருகிறார்கள். விழுந்தால் ஊசி தலையில் ஏறும் என்பதால் அது ஆலிமாக்கள் போட்ட சட்டமல்ல, மாஸ்டர் போட்ட சட்டம். சப்பாத்துக்குச் சின்னக் குதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. இதற்காகவே லாயத்தில் ஒரு தராசு இருக்கிறது. பின்னமும் நூற்றுவீதமும் விளங்காத பிள்ளைகளுக்கு அந்தத் தராசடியில் விளங்கியது. 220 கிலோ மிட்டாய்க்கு எவ்வளவு? 44. அதில் சேணம் போக மிச்சம்? பிள்ளைகள் எங்களையும் தராசில் ஏற்றினார்கள். எங்களில் ஒருவருக்குப் பெரிய குதிரைகளைத் தவிர வேறெதுவும் சரிவராது என்று தீர்ப்பாகியது. யாரென்று சொல்ல மாட்டோம்.

மாஸ்டர் நடுவில் நீளக் கயிறோடு நிற்பார். குதிரை அவரைச் சுற்றி வட்டமாகப் போகும். முதல் மாதம் பிள்ளையின் கையில் கடிவாள வார் கொடுக்க மாட்டார். கை இல்லாமல் உடம்பால் சமநிலை பிடிக்கப் பழக வேண்டும். நடையில் நான்கு அடி, ஓட்டநடையில் இரண்டு அடி, பாய்ச்சலில் மூன்று அடி. செய்யுளுக்குச் சீர் பிரிப்பதுபோல பிள்ளைகள் வாயால் எண்ணிக்கொண்டே போவார்கள். ஓட்டநடையில் ஒன்றுக்கு எழும்பி, இரண்டுக்கு இருக்க வேண்டும். பிழைத்தால் முதுகெலும்பு சொல்லும். குதிரையின் முதுகுக்கும் அதே நோவுதான், அது சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன். எந்த ஆசிரியராலும் அவன் வாயை மூட முடியாது. முதல் இரண்டு கிழமையும் கறுப்பன் அவனைக் கண்டாலே பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. குதிரையின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் ஏறத்தாழ முழுவதும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. இவன் நேர் முன்னால் ஓடிப்போய்க் கையை நீட்டுவான். மாஸ்டர் ஏசவில்லை. "தம்பி, பக்கத்தால வா. மூச்ச மெதுவா விடு. பேசணும்னா தாழ்ந்து பேசு" என்றார். மூன்றாம் கிழமை கறுப்பன் திரும்பிப் பார்த்தது. இப்போதும் அவன் வகுப்பில் கதைக்கிறான். ஆனால் இன்னொருவர் கதைக்கும்போது நிறுத்தத் தெரிகிறது. நாங்கள் அதையே பெரிய லாபமாக எடுத்துக்கொண்டோம்.

இனி, அந்தச் சங்கடமான விஷயத்துக்கு வருகிறோம்.

நம் சமூகத்தில் குதிரைக்குப் பெரிய மரியாதை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்க வேண்டும் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக மேடைதோறும் கேட்கிறோம். குதிரை வீரர்களின் கதைகளைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். அந்தக் கதைகளில் குதிரை எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் புல் வெட்டியவர் யார், குளம்பைச் சுரண்டியவர் யார் என்று யாரும் பயான் செய்வதில்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டாவது மாதம் ஒரு தகப்பன் எங்களைத் தேடி வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர், கோபத்திலும் குரல் உயர்த்தவில்லை.

"சேர், குதிரை ஓட்டப் பழகத்தான் புள்ளைய அனுப்பினேன். அது வீட்டுக்கு வந்தா உடுப்பெல்லாம் சாணி வாடை. நாங்க கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறது, புள்ளை இந்த வேலைக்குப் போகக் கூடாதெண்டுதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் சாணி அள்ளுகிறவருக்கு என்ன கூலி, என்ன மரியாதை என்று தெரிந்துதான் அவர் கதைத்தார். "இன்னும் ஒரு மாதம் பாருங்க, பிறகும் மனசு வராட்டி நிப்பாட்டுங்க" என்று மட்டும் சொன்னோம். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதம் முடிய முதல் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். அதே தகப்பனின் மகள், தரம் 7, முள்ளைக் கையில் பிடித்தபடி ராணியின் அறை வாசலில் நின்று கூப்பிட்டாள்: "மாஸ்டர், ராணிட அறையில அள்ள ஒண்டும் இல்ல."

மாஸ்டர் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். ஆரோக்கியமான குதிரை ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவையாவது சாணி போடும். இரவு முழுக்க ஒன்றும் இல்லை என்றால் குடல் நின்றுவிட்டது என்று பொருள். ராணி தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. முன்காலால் தரையைக் கிளறியது. மாஸ்டர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். வழக்கமாக உள்ளே தண்ணீர் ஓடுவதுபோல் சத்தம் கேட்கும். இப்போது ஒன்றும் இல்லை. தாடைக்குக் கீழே நாடியை எண்ணினோம். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60 இருந்தது.

வயிற்றுநோவு மனிதனுக்குச் சின்ன வருத்தம். வாந்தி எடுக்க முடியாத குதிரைக்கு அது உயிர் போகும் வருத்தம். புல்லை எடுத்துவிட்டோம். மாஸ்டர் அதை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார், படுத்து உருளாமல் இருக்க. மிருக வைத்தியர் தூரத்திலிருந்து வந்து சேரப் பதினொரு மணியாகியது. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, தண்ணீரும் திரவப் பரஃபினும் இறக்கி, நோவுக்கு ஊசி போட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து போயிருந்தன. மெல்ல முடியாத புல் அப்படியே உள்ளே போய் அடைத்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் வந்தும் வேலையில்லை. யார் முதல்ல கண்டது?" என்று கேட்டார். பிள்ளையைக் காட்டினோம். அவள் இன்னும் முள்ளைக் கீழே வைக்கவில்லை.

அன்று யாரும் குதிரையில் ஏறவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. பெற்றோருக்கு அறிவித்துவிட்டு முறை வைத்து ராணியோடு நடந்தோம். மஃரிபுக்கு வைக்கோல் கொட்டிலில் பாய் விரித்தோம். ஹாஜியார் முன்னுக்கு நின்று தொழுவித்தார். இரண்டாம் ரக்அத்தில் சூரத்துல் ஆதியாத் ஓதினார். பத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான சூரா. மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீதும் அவற்றின் குளம்பில் பறக்கும் தீப்பொறி மீதும் அல்லாஹ் சத்தியம் செய்து, அடுத்துச் சொல்வது குதிரையைப் பற்றியல்ல. மனிதன் தன் ரப்புக்கு நன்றி கெட்டவனாக இருக்கிறான் என்பதைப் பற்றி. குதிரையிலிருந்து நன்றிகேட்டுக்கு ஏன் இந்தத் தாவல் என்று முஃபஸ்ஸிர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ராணியின் காலடிச் சத்தம் கேட்க, அந்தக் கொட்டிலில் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹாஜியார் நினைத்துத்தான் ஓதினாரா, வாய்க்கு வந்ததை ஓதினாரா என்று கேட்கவும் இல்லை.

ஸலாம் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து மாஸ்டரின் சத்தம்: "போட்டுடுச்சி! போட்டுடுச்சி!"

பத்துப் பிள்ளைகளும் பாய்ந்து ஓடினார்கள். தரையில் கிடந்த நான்கைந்து உருண்டைகளைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒருவன் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். பிள்ளையைக் கூட்டிப்போக அந்தத் தகப்பன் அதே நேரம்தான் வந்து சேர்ந்தார். சாணியைச் சுற்றி நின்று பிள்ளைகள் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். என்ன நடந்தது என்று மாஸ்டரே சொன்னார். அவர் மாஸ்டரின் கையைப் பிடித்து ஸலாம் சொல்வதுபோல் குலுக்கினார். அதற்குப் பிறகு உடுப்பு வாடை பற்றிக் கதை இல்லை. மகள் இன்னும் வருகிறாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. ராணி பிழைத்தது, ஆனால் வைத்தியர் சொன்னது வேறு: இனி அதன் முதுகில் பாரம் ஏற்றக் கூடாது. பல்லும் போய்விட்டதால் ஊற வைத்துக் குழைத்த தீனிதான் கொடுக்க வேண்டும். அதாவது உழைக்கும் குதிரையைவிடச் செலவு கூட, வரவு பூச்சியம். சின்னப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பெரிய கேள்வி. குதிரையின் முதுகிலிருந்துதான் எல்லோருக்கும் சோறு. அந்த முதுகு ஓய்ந்தால் அதற்குச் சோறு யார் போடுவது? சீசனுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்ற ஒருவர் ராணியை விலைக்குக் கேட்டு வந்தார். வயதைச் சொல்ல வேண்டாம், ரெண்டு வேளை கொள்ளுப் போட்டால் ஏப்ரல் முடியும்வரை நிற்கும் என்றார். ஹாஜியார் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் அவர் இல்லை. ஒரு கிழமை தவணை கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். 2021இல் இரசாயன உரம் நின்றபோது மரக்கறித் தோட்டக்காரர்கள் எருவுக்கு எப்படி அலைந்தார்கள் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பல பேருடைய வீட்டிலேயே தோட்டம். "குவியலை உக்க வைச்சு, சாக்கில கட்டி வித்தா ராணிக்குத் தீனி" என்றார்கள். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. தரம் 9 மாணவி ஒருத்தி மட்டும் கையை உயர்த்தினாள்: "இப்ப அந்தச் சாணிக் காசு யாருக்குப் போகுது?"

எல்லோரும் பேசாமல் இருந்தோம். மாஸ்டர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். குவியலை அவ்வப்போது லொறியோடு வருபவருக்குக் கொடுத்து, அதில் வரும் சில்லறையை அவர்தான் எடுத்துக்கொள்வார். சம்பளம் குறைந்த காலத்தில் ஹாஜியாரே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. கிழட்டுக் குதிரைக்கு நன்றி காட்டப் போய், அதை இருபது வருடம் பராமரித்தவரின் சட்டைப்பையில் கை வைக்கப் பார்த்தது எங்கள் திட்டம். மாஸ்டர், "பரவால்ல சேர், ராணிக்குத்தானே" என்றார். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை.

முழு நாளும் கணக்குப் போட்டோம். பச்சையாக, குவியலாகக் கொடுத்தால் விலை மிகக் குறைவு. இரண்டு மூன்று மாதம் புரட்டிப் புரட்டி உக்க வைத்து, அரித்து, சாக்கில் கட்டினால் விலை பல மடங்கு. பச்சைச் சாணிக்கு வந்துகொண்டிருந்த தொகை முன்புபோல முதலில் மாஸ்டருக்கு. பிள்ளைகளின் உழைப்பால் அதற்கு மேல் வருவது ராணிக்கு. ஹாஜியார் ஒரு கொப்பியில் இரண்டு பத்தி கீறிக் கொடுத்தார். அந்தக் கொப்பியைத் தரம் 9 பிள்ளைதான் வைத்திருக்கிறாள். விலைக்குக் கேட்டவருக்கு ஹாஜியார் போனில் ஒரே வசனம் சொன்னார்: "அது விற்கிறதுக்கில்ல."

ராணி இப்போது சும்மா இல்லை. புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் ராணியிடம்தான் போகிறார்கள். பக்கத்தால் போகவும், தேய்க்கவும், குளம்பு தூக்கவும், கயிற்றில் பிடித்து நடக்கவும் அதனிடம்தான் பழகுகிறார்கள். பயந்த பிள்ளைக்கு முன்னால் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். ஏற முடியாத குதிரைதான் எங்கள் பண்ணையில் முதலாம் வகுப்பு ஆசிரியை.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். மழை கூடிய மாதங்களில் எரு உக்காது. போன மாதம் ராணியின் பத்தியில் வரவைவிடச் செலவுதான் கூட. மிச்சத்தை ஹாஜியார் போட்டார். அடுத்தது சுல்தான், அதற்கும் வயது ஏறுகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பத்துப் பிள்ளைகள் இப்போதே எதிர்கொள்கிறார்கள். நமக்காக உழைத்த ஒரு ஜீவன் உழைக்க முடியாமல் போகும்போது நாம் என்ன செய்வோம்? இந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது வீட்டில் வாப்பாவும் உம்மாவும் வயசாளிகளாக இருப்பார்கள். அன்றைக்கும் இந்தக் கேள்வி வரும்.

ஆகவே கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். சேர்க்கலாம், இப்போது இரண்டு இடம் இருக்கிறது. காசு வேண்டாம். காலை ஆறரைக்கு வர வேண்டும். குதியுள்ள சப்பாத்து, பழைய உடுப்பு. முதல் மாதம் குதிரையில் ஏற்ற மாட்டோம். எத்தனை நாளில் ஓட்டப் பழகலாம் என்றால், அது குதிரையும் மாஸ்டரும் முடிவு செய்வது.

இன்னொரு உதவி. எரு கட்ட சாக்குப் போதவில்லை. கடைகளில், வீடுகளில் வெறும் அரிசிச் சாக்கு, மாச் சாக்கு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கிழிசல் என்றாலும் பரவாயில்லை, பிள்ளைகள் தைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும்போது பள்ளி வாசலில் எங்களில் ஒருவரிடம் கொடுத்தால் போதும்.